சிறிய டைனோசர்களும் சரியான அளவும்



ஒரு நாள் மாணவர் ஒருவர், இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளை வகுப்பிற்குக் கொண்டு வந்தார். ஒரே பையில் பன்னிரண்டு டைனோசர்கள் இருந்தன. செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் அவர் தந்தையார், மகன் நன்கு தேர்வு எழுதியதற்குப் பரிசாக அவற்றை வாங்கிக் கொடுத்திருந்தார். மாணவர் அவற்றை மேசைமீது வரிசையாக நிறுத்திவிட்டு, "ஐயா, இவற்றுள் எது மிகப் பெரிய விலங்கு?" என்று வினவினார்.

அவ்வினாவிற்கு அப்பொம்மைகளைப் பார்த்து விடை கூற இயலவில்லை. ஏனெனில், எல்லாப் பொம்மைகளும் ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் நீளமே இருந்தன. மரத்தின் உச்சியை எட்டிய பிராக்கியோசாரஸும், கோழியைப் போன்ற சிறு உருவுடைய கொம்ப்சோக்நாதஸும் அங்கே சம உயரத் தோழர்களாய் நின்றன. உழைத்து ஈட்டிய பணத்தில் வாங்கிய பொருள் பிள்ளைக்குப் பொய்யைக் கற்பிக்கலாமா? அப்பொம்மைகளை எறிந்துவிடத்தான் வேண்டுமா? இக்கட்டுரையில் அதற்கு விடை காண்போம்.

சிறிய டைனோசர்கள்

'டைனோசர்' என்னும் சொல்லை 1842ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'அஞ்சத்தக்க பல்லி' என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டதும் மலை போன்ற விலங்கே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், எல்லா டைனோசர்களும் பேருருவம் படைத்தவை அல்ல.

ஜெர்மனி நாட்டின் பவேரியாப் பகுதியில் கிடைத்த கொம்ப்சோக்நாதஸ் 1859ஆம் ஆண்டில் பெயர் பெற்றது. அதன் நீளம் வால் உட்பட ஏறத்தாழ 90 செண்டிமீட்டரே. மங்கோலியாவின் பாலைநிலத்தில் 1923ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டில் பெயரிடப்பட்ட வெலோசிராப்டர் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுடையது. அதிலும் பெரும்பகுதி வாலே ஆகும். அதன் எடை ஏறத்தாழ 15 கிலோகிராம் என்பர். திரைப்படத்தில் மனிதனுக்கு நிகராக நிற்கும் வெலோசிராப்டரைக் கண்டோர் இதனை அறிந்தால் வியப்பர். உண்மையான விலங்கின் இடுப்பு நம் முழங்கால் உயரத்திற்கே வரும்.

அளவு விகிதம் என்பது யாது?

நிலப்படத்தில் ஒரு செண்டிமீட்டர் பல கிலோமீட்டரைக் குறிப்பதை நீங்கள் அறிவீர்கள். மாதிரி உருவங்களுக்கும் அத்தகைய விகிதம் உண்டு. 1:10 என்றால், மாதிரியில் 1 செண்டிமீட்டர் உண்மை விலங்கின் 10 செண்டிமீட்டருக்குச் சமம் என்று பொருள். இதனைக் காணும் வழி எளிது. விலங்கின் உண்மை நீளத்தை மாதிரியின் நீளத்தால் வகுத்தல் வேண்டும்; வரும் ஈவே விகித எண்ணாகும். இரண்டு நீளங்களையும் ஒரே அலகில் எழுத மறவாதீர்.

மாதிரியை அளக்கும்போது கவனம் தேவை. வால் வளைந்திருக்குமாயின் அடிக்கோலை நேராக வைத்து அளத்தல் பிழையாகும். மூக்கு நுனியில் தொடங்கி முதுகின் வழியே வால் நுனி வரை நூலொன்றை வைத்து, பின்னர் அந்நூலை நீட்டி அளக்க வேண்டும்.

சேகரிப்போர்க்கு நேரும் இடர்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி அரும்பொருளகத்தின் அறிஞர்கள் மேற்பார்வையில், 1988 முதல் 2015 வரை 1:40 என்னும் விகிதத்தை அடிப்படையாகக் கொண்ட மாதிரி வரிசை ஒன்று வெளிவந்தது. அவ்விகிதத்தில் 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரஸ் 30 செண்டிமீட்டராக அமையும். அலமாரியில் அழகாக நிற்கும். அதே விகிதத்தில் வெலோசிராப்டர் நாலரைச் செண்டிமீட்டர். கொம்ப்சோக்நாதஸோ இரண்டேகால் செண்டிமீட்டர்! சுண்டுவிரலின் பாதியளவே உள்ள உருவத்தில் விரலையும் நகத்தையும் எவ்வாறு செதுக்குவது?

இதனாற்றான் பலர் சிறிய டைனோசர்களைப் பெரிதாக்கிச் செய்கின்றனர். பெரிதாக்குவது குற்றமன்று, விகிதத்தைக் கூறாமல் பெரிதாக்குவதே குற்றம். நுணுக்கம் விரும்பும் சேகரிப்பாளர்கள் சிறிய டைனோசர்களுக்கெனத் தனி விகிதம் ஒன்றைத் தேர்ந்து கொள்கின்றனர். அமெரிக்கக் கலைஞர் டேவிட் சில்வா 2016ஆம் ஆண்டில் தொடங்கிய வரிசையில் வெலோசிராப்டர் முதலியன 1:6 விகிதத்தில் அமைந்தன. அவ்விகிதத்தில் வெலோசிராப்டர் 30 செண்டிமீட்டர் நீளம் பெறுகின்றது. இறகின் நரம்பையும் காட்ட இடம் கிடைக்கின்றது. ஒரு தட்டில் ஒரே விகிதம் என்பதே நல்ல சேகரிப்பாளரின் முதல் விதியாகும்.

உருவம் சரியா எனக் காணும் முறை

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. வடிவமும் சான்றுக்கு ஒத்திருத்தல் வேண்டும். வெலோசிராப்டர் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துப் பின்வருவனவற்றை ஆராயுங்கள்.

முதலாவது, வால். அது தரையில் புரளக் கூடாது. உடலுக்கு நேர்கோட்டில் பின்னோக்கி நீண்டு, முன்னுடலின் எடையைச் சமன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கை. உள்ளங்கைகள் தரையை நோக்கித் தொங்கக் கூடாது. நாம் கைதட்டும்போது இருப்பதுபோல ஒன்றையொன்று நோக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, கால். இரண்டாம் விரலில் அரிவாள் போன்ற பெரிய நகம் உண்டு. அவ்விரல் தரையைத் தொடாது மேலே உயர்ந்திருக்க வேண்டும்.

நான்காவது, இறகு. வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்திய சிறு முடிச்சுகள் வரிசையாக உள்ளமையை 2007ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். எனவே, செதிள் மட்டுமே கொண்ட வெற்றுக்கை சரியன்று.

ஐந்தாவது, நிறம். பெரும்பாலான டைனோசர்களின் நிறம் கலைஞரின் கற்பனையே. ஆயினும், சில சிறிய டைனோசர்களின் இறகுகள் கல்லில் நன்கு பதிந்துள்ளன. சீன நாட்டில் கிடைத்து 1996ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட சைனோசோரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வளையங்களாய் இருந்தன என 2010ஆம் ஆண்டில் கண்டனர். நான்கு சிறகுகள் கொண்ட மைக்ரோராப்டர் காக்கையைப் போல மின்னும் கருமை நிறமுடையது என 2012ஆம் ஆண்டில் தெரிய வந்தது. நிறத்திற்கும் பெரும்பாலும் சான்று தருவன இத்தகைய சிறு விலங்குகளே. சிறியவற்றைச் சேகரிப்பதன் சிறப்பு இதனால் விளங்கும்.

அறிவு வளர மாதிரியும் மாறும்

1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி டைனோசர்களின் முழு உருவங்களை அமைத்தார். இகுவானோடோன் என்னும் விலங்கிற்கு மூக்கின்மேல் கொம்பு வைத்தார். 1878ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. அப்போதுதான் அக்'கொம்பு' உண்மையில் கட்டைவிரலின் முள் என்பது தெளிவாயிற்று. நம் கொம்ப்சோக்நாதஸுக்கும் கையில் இரண்டே விரல்கள் என நெடுங்காலம் எண்ணினர். மூன்று விரல்கள் என்பதே இன்றைய முடிவு. பழைய மாதிரி பிழையுடையதாயினும் இகழத்தக்கதன்று. அக்காலத்து அறிஞர் அறிந்த அளவை அது நமக்குக் காட்டுகின்றது. ஆகவே, ஒவ்வொரு மாதிரியும் செய்யப்பட்ட ஆண்டைக் குறித்து வைத்தல் நன்று.

நீரில் ஒரு சோதனை

மாதிரி சரியாக இருந்தால் அது வெறும் விளையாட்டுப் பொருளன்று, ஆய்வுக் கருவியுமாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்னீல் அலெக்சாந்தர், 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இலண்டன் அரும்பொருளகம் விற்ற பிளாஸ்டிக் மாதிரிகளைக் கொண்டே டைனோசர்களின் எடையைக் கணக்கிட்டார்.

அம்முறையின் அடிப்படையை நீங்களும் செய்து பார்க்கலாம். அளவுக்கோடிட்ட குவளையில் நீர் ஊற்றி மட்டத்தைக் குறியுங்கள். மாதிரியை ஊசியால் அழுத்தி முழுதும் மூழ்கச் செய்யுங்கள். நீர் எத்துணை மில்லிலிட்டர் உயர்ந்ததோ, அதுவே மாதிரியின் கன அளவு. 1:10 விகிதமாயின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்கு பெருகும். எனவே, 10 × 10 × 10 = 1000ஆல் பெருக்க வேண்டும். வெலோசிராப்டர் மாதிரி 15 மில்லிலிட்டர் நீரை உயர்த்தினால், உண்மை விலங்கின் கன அளவு 15,000 மில்லிலிட்டர், அதாவது 15 லிட்டர். விலங்கின் உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையது எனக் கொண்டால், எடை 15 கிலோகிராம் ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விகிதத்தை 1:10 என்பதற்குப் பதிலாக 1:20 எனத் தவறாகக் கொண்டால் விடை இரு மடங்காகாது. எட்டு மடங்காகி 120 கிலோகிராம் என வரும். சிறு பிழை பெரும் பிழையாய் வளர்வதைக் கண்டீர்களா? அளவில் உண்மை வேண்டும் என்பது இதனாற்றான்.

பணமின்றியும் சேகரிக்கலாம்

பெற்றோர்களே! நுணுக்கமான மாதிரிகள் விலை மிக்கவை. பிள்ளைகள் கேட்கும் அனைத்தையும் வாங்குதல் இயலாது; வாங்கவும் வேண்டா. பொருத்தமற்ற பத்தினும் சரியான ஒன்றே மேல். களிமண் கொண்டு 9 செண்டிமீட்டர் நீளத்தில் கொம்ப்சோக்நாதஸைச் செய்தால், அது 1:10 விகிதத்தில் அமைந்த நல்ல மாதிரியாகும். வீட்டு வாசலில் சுண்ணக்கட்டியால் 90 செண்டிமீட்டர் கோடு இட்டு, அதன்மேல் அவ்விலங்கை வரைந்தால் முழு உருவமே கிடைத்துவிடும். அதனருகே நம் வீட்டுச் சேவலை நிறுத்திப் பாருங்கள். பறவைகள் டைனோசர் வழித்தோன்றல்கள் என்னும் உண்மை உங்கள் பிள்ளைக்குக் கண்கூடாய் விளங்கும்.

இப்பொருள் நம் நாட்டிற்குத் தொலைவானதும் அன்று. அண்டை நாடான தாய்லாந்தில் கிடைத்த சிட்டகோசாரஸ் பேரினத்தைச் சேர்ந்த சிறு டைனோசர் இனம் ஒன்று 1992ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது. பகாங் மாநிலத்தில் டைனோசர்ப் பல்லின் புதைபடிவம் கிடைத்த செய்தியை 2014ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

இனி, முன்னர்க் கூறிய மாணவரிடம் வருவோம். அவர் பொம்மைகளை எறியவில்லை. நூலும் அடிக்கோலும் எடுத்து ஒவ்வொன்றையும் அளந்தார். 22 மீட்டர் நீளமுள்ள பிராக்கியோசாரஸின் பொம்மை 10 செண்டிமீட்டராதலின், அதன் அடியில் 1:220 என எழுதி ஒட்டினார். கொம்ப்சோக்நாதஸின் அடியில் 1:9 என எழுதினார். பன்னிரண்டும் முடிந்தபின், "ஐயா, இப்போது எது பெரியது என நானே சொல்வேன்" என்றார். தந்தையார் தந்த பரிசு வீண்போகவில்லை. பொம்மை மறைத்த உண்மையை மகன் தம் கணக்கினால் வெளிக்கொணர்ந்தார்.

மாணவர்களே! கண்டதைக் கண்டவாறே நம்பாது, அளந்தறிந்து ஏற்கும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்வீர்களாக!

பயிற்சி

1. சைனோசோரோப்டெரிக்ஸின் நீளம் 1 மீட்டர் எனக் கொள்க. மாதிரியின் நீளம் 20 செண்டிமீட்டராயின் விகிதம் யாது?

2. சிட்டகோசாரஸின் நீளம் 2 மீட்டர் எனக் கொண்டால், 1:10 விகிதத்தில் அதன் மாதிரி எத்துணைச் செண்டிமீட்டர் நீளமுடையதாகும்?

3. உங்கள் வீட்டிலுள்ள விலங்குப் பொம்மை ஒன்றை நூலால் அளந்து அதன் விகிதத்தைக் கண்டறிந்து எழுதுக.