காலுறையிலிருந்து பனியன் வரை

மாணவர்களே, நீங்கள் பள்ளிக்கு அணிந்து வரும் காலுறையை இழுத்துப் பாருங்கள், நீளும். விட்டால் சுருங்கும். வேட்டியை இழுத்தால் அவ்வாறு நீளுமா? நீளாது. ஏன்?

வேட்டி நெய்யப்படுவது. பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடி இறுகுகின்றன. காலுறை பின்னப்படுவது. ஒரே நூல் வளைந்து கண்ணியாகிறது. அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது. இழுக்கும்போது கண்ணிகள் நெகிழ்ந்து இடந்தருகின்றன.

இடைக்கால ஐரோப்பியர் நெய்த கம்பளித் துணியால் நீண்ட காலுறை தைத்து அணிந்தனர். துணி சற்றேனும் நெகிழ வேண்டி, அதனை மூலைவாக்கில் வெட்டினர். ஒவ்வொரு காலுக்கும் தனியுறை. அதை நாடாவால் மேலே கட்டினர். 15ஆம் நூற்றாண்டில் ஆடவரின் ஈருறைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஆயினும் முழங்காலில் சுருக்கம் விழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் கையால் பின்னிய காலுறைகள் பரவின. 1562இல் மறைந்த பிளாரன்சு நகரக் கோமகள் எலியனோராவுடன் புதைக்கப்பட்ட பட்டுப் பின்னற் காலுறைகள் இன்றும் காக்கப்படுகின்றன.

1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வாழ்விழப்பர் என்று கூறி, எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பர். லீ பிரான்சு சென்றார். அங்கு அவரை ஆதரித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். லீ தம் உழைப்பின் பயனைக் காணாமலே மறைந்தார். பின்னர் அவர்தம் தம்பி ஜேம்ஸ் தாயகம் திரும்பி அத்தொழிலை வளர்த்தார். 1811இல் நாட்டிங்காம் பகுதிப் பின்னற்றொழிலாளர், கூலி குறைந்ததால் பொறிகளை உடைத்தனர். அரசியின் அச்சம் முற்றும் பொய்யன்று.

இன்று நொய்யலாற்றங்கரைத் திருப்பூரில் வட்டப் பின்னற்பொறிகள் பனியன் துணியைப் பின்னுகின்றன. தமிழக மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி அங்குச் செல்கின்றனர். எருத்தேன்பதி போன்ற எல்லையூர்களில் வாழும் நமக்கும் அந்நகர் தொலைவன்று. பொறி வேலையைப் பறிக்கவும் கூடும், தரவும் கூடும். அதன் பயன் உழைப்பவர்க்கும் சேர்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

அருஞ்சொற்பொருள்

கண்ணி – நூல் வளையம்
ஊடை – குறுக்கு நூல்
பொறி – இயந்திரம்

பயிற்சி

1. நெய்தலுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. துணியை மூலைவாக்கில் வெட்டியது எதற்காக?
3. அரசியின் முடிவு சரியானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்தெழுதுக: ஈருறை, நொய்யலாற்றங்கரை.
5. உம் வீட்டிலுள்ள ஆடைகளுள் நெய்தவை மூன்றும் பின்னியவை மூன்றும் கண்டறிந்து பட்டியலிடுக.