ஊஞ்சலும் நுண்ணலையும்



ஊஞ்சலில் தங்கையை அமர்த்தி, முன்னாலிருந்து ஒருத்தியும் பின்னாலிருந்து ஒருத்தியும் ஒரே நேரத்தில், ஒரே வலுவுடன் தள்ளினால் என்னவாகும்? ஊஞ்சல் அசையாது. ஒருத்தியின் கை சற்றே தளர்ந்தாலோ உடனே அசைந்துவிடும். இந்த எளிய உண்மையைக் கொண்டே அறிவியலார் ஒரு நுட்பமான அளவுகருவியை அமைத்துள்ளனர்.

நுண்ணலை என்பது ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட மின்காந்த அலை. ரேடாரில் பயன்படுவது இதுவே. இதனைக் கொண்டுசெல்ல, மின்கடத்தாத் தகடு ஒன்றின்மீது மூன்று செப்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பதிப்பர். நடுப்பட்டையின் இருபுறமும் இரு இடைவெளிகள் உண்டு. ஒன்றில் காந்தப்புலம் மேல்நோக்கி இருந்தால், மற்றதில் கீழ்நோக்கி இருக்கும்.

தகட்டின் அடிப்புறத்தில், ஓரிடத்தில் பிளவுபட்ட சிறு உலோக வளையத்தை வைப்போம். இத்தகைய பிளவு வளையங்களின் பண்புகளை இங்கிலாந்து அறிஞர் ஜான் பெண்ட்ரியும் அவர்தம் குழுவினரும் 1999-இல் விளக்கினர். அலைநீளத்தைவிட மிகச் சிறியதாயினும், வளையத்திற்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தூண்டப்பட்டால் அது அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்.

வளையத்தின் நடுவும் பிளவும் பட்டையின் நடுக்கோட்டிலேயே அமைந்தால், மேல்நோக்கிய காந்தப் பாயமும் கீழ்நோக்கிய பாயமும் வளையத்தினுள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வளையம் அசையாத ஊஞ்சல்போல ஓய்ந்திருக்கும். அலை தடையின்றிச் செல்லும். வளையம் ஒருபக்கம் சற்று நகர்ந்தால் சமச்சீர் குலையும். உடனே வளையம் விழித்துக்கொண்டு, தன் அதிர்வெண்ணுக்குரிய அலையை மட்டும் மறிக்கும். நகர்வு கூடக்கூட மறிப்பும் கூடும். ஆகவே அலை எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு, வளையம் எவ்வளவு நகர்ந்தது என அறியலாம். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி நாக்கி, பெரான் மார்ட்டின் முதலியோர் 2011-இல் இவ்வகை உணர்கருவிகளை விளக்கி எழுதினர்.

இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. வெப்பமும் ஈரமும் பல கருவிகளை ஏமாற்றிவிடும். இங்கோ அவை இருபுறத்தையும் ஒன்றுபோலவே தாக்குவதால் சமச்சீர் கெடுவதில்லை. நகர்வுதான் அதனைக் கெடுக்கும்.

தோழியரே, ஆய்வுக்கூடத்தில் தராசின் முள் நடுவில் நிற்கும்போது, அங்கே ஒன்றுமே நிகழவில்லை என்று எண்ணாதீர்கள். சமனாக நிற்கும் ஒன்றே சிறு சாய்வையும் முதலில் சொல்லும்.