தும்மலுக்குக் காரணம் பூச்சியா, அதன் எச்சமா?

விடியற்காலையில் எழுந்து படுக்கையை உதறியதும் தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல். மூக்கில் நீர் வழிகிறது, கண்கள் அரிக்கின்றன. பள்ளிப் பேருந்தில் ஏறும்போது கொஞ்சம் குறைகிறது. மறுநாளும் அதே கதை. "சளிதான், மருந்து குடி" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் குணமாகிவிடும். காய்ச்சலே இல்லாமல், அரிப்புடன் மாதக்கணக்கில் நீடிக்கும் தும்மலுக்குக் காரணம் ஒவ்வாமையாக இருக்கலாம். நம் நாட்டில் அதைத் தூண்டுவனவற்றுள் முதன்மையானது வீட்டுத் தூசிப் பூச்சி.

மாணவர்களே, பெயரில்தான் அது பூச்சி. பூச்சிகளுக்கு ஆறு கால்கள்; வளர்ந்த தூசிப் பூச்சிக்கோ எட்டு. அது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தென்படாது. அது நம்மைக் கடிப்பதில்லை, இரத்தத்தை உறிஞ்சுவதும் இல்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அதன் உணவு.

வீட்டுத் தூசி சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குகிறது என்பதை 1920-களிலேயே மருத்துவர்கள் அறிந்திருந்தனர். தூசியில் இருக்கும் எது அதற்குக் காரணம் என்பதுதான் புதிராக இருந்தது. 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தச் சிற்றுயிரைச் சுட்டிக்காட்டினர்.

எச்சத்தில் இருக்கும் நொதி

உண்மையில் நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் பூச்சியன்று, அதன் எச்சம். தோல் செதிலைச் செரிக்க அதன் குடலில் புரதத்தை உடைக்கும் நொதிகள் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் டெர் பி 1. அது எச்சத்தோடு சேர்ந்து வெளியேறுகிறது. எச்ச உருண்டை ஒன்றின் அகலம் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர். படுக்கையை உதறும்போது அது காற்றில் எழுந்து, சிறிது நேரத்தில் மீண்டும் கீழே படிந்துவிடும். தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும்போதும் அதைச் சுவாசிக்கிறோம்.

தோல் செதிலைச் செரித்த அதே நொதி, நம் மூச்சுக்குழாயின் உள்சுவர் உயிரணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகளையும் தளர்த்துகிறது. அந்த இடைவெளியில் நுழையும் புரதத்தைச் சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று தவறாகக் கருதி, 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அது மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடி வந்தவுடன் மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினை வெளியிடும். சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, மூக்கடைப்பு தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பும் வரலாம்.

காற்றிலிருந்து நீர்

தூசிப் பூச்சி நீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் அது உலர்ந்து மடியும். சுவிட்சர்லாந்தில் 1,500 மீட்டருக்கு மேல் அமைந்த டாவோஸ் நகரின் வீடுகளில் இவை மிகக் குறைவு; அங்கே காற்று வறண்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஈரப்பதம் பல நேரங்களில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆண்டு முழுவதும் அவற்றுக்கு இங்கே நல்ல காலம்தான்!

என்ன செய்யலாம்?

பூச்சியைக் கொல்வது பாதி வேலை. எச்சத்தை அகற்றுவது மீதிப் பாதி.

• படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீர் எச்சத்தைக் கழுவும்; ஆனால் பூச்சிகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும்.

• பஞ்சுப் பொம்மையைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு நாள் வைத்தால் பூச்சிகள் மடியும். எச்சம் அப்படியே இருக்கும் என்பதால் பிறகு துவைக்க வேண்டும்.

• மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, முழுவதும் மூடும் உறை போடுங்கள்.

• அலமாரியை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி மூக்குக்குத்தான் வரும்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் குறைவு, சேர்த்துச் செய்யுங்கள். இளைப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செய்து பாருங்கள்: இரண்டு வாரங்களுக்குத் தினமும் காலையில் எத்தனை முறை தும்முகிறீர்கள் என்று குறித்துவையுங்கள். பிறகு மேற்கண்ட மாற்றங்களைச் செய்து, அடுத்த நான்கு வாரங்களுக்கும் குறியுங்கள். இரண்டையும் வரைபடமாக வரைந்து ஒப்பிடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு செல்லுங்கள். அவருக்கு அது உதவும்.