பழைய பெயின்டை உரிக்க டெட்டால்

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் வெளிநாடு போகும்போது தன்னிடமிருந்த வார்ஹேமர் விளையாட்டின் குட்டி உருவங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில பிளாஸ்டிக், சில ரெசின். பிளாஸ்டிக் உருவங்கள் பரவாயில்லை. ரெசின் உருவங்களில்தான் பெயின்டை அப்பியிருக்கிறார். கண் எது, வாய் எது என்றே தெரியவில்லை. ஹார்டுவேர் கடையில் கேட்டால் தின்னர் என்கிறார்கள். நண்பன் நெயில் பாலிஷ் ரிமூவர் என்கிறான். பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பிரேக் ஆயிலில் ஊறப்போடச் சொல்கிறார். எதைச் செய்யலாம்? உரித்ததும் நேரடியாக வண்ணம் அடிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: மூன்றும் வேண்டாம். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றுமே பெயின்டைக் கரைக்கும். ஆனால் பெயின்டோடு நிற்காது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். தின்னரில் அதற்குச் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பிளாஸ்டிக் உருவத்தை அதில் போட்டால் கூழாகிவிடும். ரெசின் கரையாவிட்டாலும் ஊதி, மெத்தென்றாகி, விரல் முனை, வாள் நுனி போன்ற மெல்லிய இடங்கள் உருக்குலையும். பிரேக் ஆயில் பழைய உலோக உருவங்களுக்குப் பலர் பயன்படுத்திய வைத்தியம். ரெசினுக்கு ஆகாது, கைக்கும் நல்லதல்ல.

முதலில், கையில் இருப்பது ரெசின்தானா என்று பாருங்கள். பாதத்தின் அடியில் பிளேடால் லேசாகச் சுரண்டினால் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும், ரெசின் தூளாக உதிரும். வார்ஹேமர் உருவங்களைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் அதுவரை உலோகத்தில் வார்த்துவந்த பல உருவங்களை 2011-இல் ‘ஃபைன்காஸ்ட்’ என்ற பெயரில் ரெசினுக்கு மாற்றியது. உங்களிடம் இருப்பவை அந்த வரிசையாக இருந்தால் ரெசின் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. உருவத்தின் மேல் படிப்படியாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது 3டி பிரின்டரில் எடுத்தது. அந்த ரெசின் வேறு சாதி. அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் உரிக்க வேண்டும் என்ற ஆவேசமும் வேண்டாம். பெயின்ட் மெல்லியதாக இருந்து, கண் மூக்கு தெளிவாகத் தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். முகம் மூடிப்போனவற்றை மட்டும் உரியுங்கள்.

அதற்கு நான் முதலில் கை வைப்பது டெட்டால். காயத்துக்குப் போடும் பழுப்பு நிற டெட்டாலைத்தான் சொல்கிறேன். கை கழுவும் டெட்டாலுக்கோ தரை துடைக்கும் டெட்டாலுக்கோ இந்த வேலை தெரியாது. தண்ணீர் பட்டால் வெள்ளையாகிறதே என்று ஃபீனாயிலை ஊற்றிவிடாதீர்கள். டெட்டாலின் கிருமிநாசினிச் சரக்கு 4.8 சதவீதக் குளோராக்ஸைலெனால். ஆனால் நமக்கு உதவுவது கூடவே இருக்கும் டெர்பினியால் என்ற பைன் எண்ணெய்ச் சரக்கும் ஆல்கஹாலும்தான். அக்ரிலிக் பெயின்டை இளக வைப்பவை அவை.

மூடி உள்ள கண்ணாடிப் பாட்டிலில் உருவம் மூழ்கும் அளவு டெட்டாலை ஊற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கக் கூடாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். இளகவில்லை என்றால் ராத்திரி முழுக்க விடலாம், அதற்கு மேல் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: பெயின்ட் இளகியதும் குழாயடிக்கு ஓடுவார்கள். தண்ணீர் பட்ட அடுத்த நொடி இளகிய பெயின்ட் தார் மாதிரிப் பிசினாகி மடிப்புகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பிரஷையும் டெட்டாலிலேயே தொட்டுத் தேய்த்து, இன்னொரு கிண்ணத்தில் சுத்தமான டெட்டாலில் அலசி, பெயின்ட் முழுக்கப் போன பிறகே பாத்திரம் விளக்கும் சோப்புத் திரவமும் தண்ணீரும். வீட்டில் பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். டெட்டால் பூனைக்கு விஷம்.

வாடை பிடிக்காதவர்கள் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கலாம். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். டெட்டாலைவிட வேகம், பிசினும் ஆகாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. 3டி பிரின்ட் உருவங்களை இதில் ஊறப்போட்டுவிட்டு மறந்தால் வெடிப்பு விடும். அவற்றைச் சில நிமிடங்கள் நனைத்து, தேய்த்து, மறுபடி நனைத்து என்றே செய்யுங்கள். எந்தத் திரவமானாலும் முக்கியமில்லாத ஓர் உருவத்தில் சோதித்துவிட்டு இறங்குவது நல்லது. ஊறியதில் ஏதாவது பாகம் ரப்பர் போல வளைந்தால் உடனே எடுத்துக் கழுவி, தொடாமல் இரண்டு நாள் காயவிடுங்கள்; பெரும்பாலும் இறுகிவிடும்.

ஊறும்போது கை, ஆயுதமெல்லாம் கழன்று விழலாம். பழைய ஒட்டு விட்டுப்போகிறது, அவ்வளவுதான். மடிப்புகளின் ஆழத்தில் கொஞ்சம் கறுப்புத் தங்கினால் பல்குத்தும் குச்சியால் ஒருமுறை முயன்றுவிட்டு விட்டுவிடுங்கள். நிறம் தங்கினால் குற்றமில்லை, கனம் தங்கக் கூடாது.

உரித்து முடித்ததும் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் மருந்து அரித்துவிட்டது என்று பயப்படாதீர்கள். வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழிகள் அவை. இத்தனை நாள் பெயின்ட் மூடிவைத்திருந்தது. எபாக்ஸி புட்டி வைத்து அடையுங்கள், எம்-சீல்கூடப் போதும். வளைந்த ஈட்டியை ஆவி பறக்கும் வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் விடுங்கள், அப்படியே நின்றுவிடும். பிளாஸ்டிக் உருவங்களுக்கான சிமென்ட் ரெசினில் பிடிக்காது, ஃபெவிக்விக் வகைப் பசைதான் சரி. தேய்க்க வேண்டியிருந்தால் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டே தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரடியாக வண்ணம் அடிக்கலாமா என்றால், கூடாது. ரெசினின் வழவழப்பில் அக்ரிலிக் நிற்காது, நகம் பட்டாலே தோலாக உரியும். சோப்புப் போட்டு மறுபடி கழுவி, ஒரு நாள் காயவைத்து, விரல்படாமல் பிடித்துப் பிரைமர் அடியுங்கள். ஸ்பிரே என்றால் ஓர் அடி தள்ளி நின்று, கையை ஓட்டிக்கொண்டே, இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. மழை பெய்கிற நாளில் வேண்டவே வேண்டாம். ஈரக்காற்றில் பிரைமர் மணல் தூவியது போலச் சொரசொரப்பாகும், உரித்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். அப்படிப்பட்ட நாட்களில் தூரிகையால் பூசும் பிரைமர் கைகொடுக்கும்.

மிஞ்சிய டெட்டாலையும் ஆல்கஹாலையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் படியும். மேலே தெளிந்ததைப் பழைய துணியில் வடிகட்டி அடுத்த உருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.