மான்யம் எப்போது வர வேண்டும்? ஆலப்புழை நகரின் அனுபவம்

பஞ்சாயத்து அங்கத்தினர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் ஊரில் மகளிர் சங்கம் தொடங்கி மூன்று மாதமாகிறது, சர்க்கார் மான்யம் எப்போது கிடைக்கும்?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அதற்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டியது வேறொன்று. மான்யம் வந்து சேரும் நாளன்று அச்சங்கம் எந்நிலையில் இருக்கும் என்பதை நாம் யாரும் வினவுவதில்லை. பணம் வந்ததனாலேயே கலைந்துபோன சங்கங்கள் உண்டு. பணம் வருவதற்குச் சற்றுத் தாமதமானதனால் உறுதிப்பட்ட சங்கங்களும் உண்டு. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை விளக்குவதற்கு அண்டை மாநிலமாகிய கேரளத்தின் ஆலப்புழை நகரைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

ஆலப்புழை ஒரு காலத்தில் செல்வாக்குடன் விளங்கிய துறைமுகப் பட்டணம். திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் அதனை வளர்த்தார். 1859-இல் அங்கே முதல் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலை ஏற்பட்டது. தேங்காய் நாரும் மிளகும் கால்வாய்களின் வழியே படகுகளில் வந்து கப்பலேறின. பின்னர் கொச்சித் துறைமுகம் விரிவடைந்தது. வியாபாரம் அங்கே நகர்ந்தது. பெரிய கயிற்றுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நலிந்து, வேலை குடிசைகளுக்குச் சிதறிற்று. கூலியும் உடன் சுருங்கிற்று. 1980-களின் இறுதியில் கப்பல் வருகையும் நின்றது. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிப்பதற்கு நல்ல தண்ணீர் கிடையாது. தேங்கி நின்ற கால்வாய்களில் கொசு பெருகி, யானைக்கால் நோய் பரவியிருந்தது. வறுமை மிகுந்த ஊர் என்று சொல்வதைவிட, வாழ்ந்து கெட்ட ஊர் என்று சொல்வதே பொருந்தும். அத்தகைய ஊரில் உதவியை எதிர்பார்க்கும் மனப்பான்மை மிகுதியாக இருப்பது இயல்பு.

1990-களின் துவக்கத்தில், நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதித் திட்டம் யூனிசெப் நிறுவனத்தின் உதவியோடு அங்கே நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தை நடத்தியவர்கள் செய்த முதற்காரியம் பணம் வழங்குவதன்று. ஏழை யார் என்று கண்டறிவதே முதற்காரியமாயிற்று. அதைக் கண்டறிந்த முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எவரும் உண்மை கூறுவதில்லை, நாமும் கூறமாட்டோம். ஆகவே வருமானத்தைக் கேளாமல், கண்ணால் கண்டறியக்கூடிய ஒன்பது அடையாளங்களை வகுத்தனர். வீடு ஓலைக் குடிசையா? நல்ல குடிநீர் கிடைக்கிறதா? கழிப்பிடம் உண்டா? குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறாரா? சம்பாதிப்பவர் ஒருவர்தானா, அல்லது அவரும் இல்லையா? நாளொன்றுக்கு இருவேளை உணவுக்கே திண்டாட்டமா? ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை உண்டா? குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் இருக்கிறாரா? குடும்பம் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையோ பழங்குடியினரையோ சார்ந்ததா? இவற்றுள் நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால் அக்குடும்பம் ஏழைக் குடும்பம் எனக் கொள்ளப்பட்டது. இக்கணக்கை எடுப்பதற்கு வெளியூர் உத்தியோகஸ்தர் தேவையில்லை. அண்டை வீட்டுப் பெண்மணிக்கே ஒன்பதும் தெரியும். பட்டியலில் ஒரு பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால் தெருவிலுள்ளோர் அதைச் சுட்டிக்காட்ட முடியும். சிபாரிசுக்கு இடம் குறைந்ததற்கு இதுவே காரணம்.

அவ்வாறு கண்டறியப்பட்ட குடும்பங்களில், பதினைந்துக்குக் குறையாமலும் நாற்பதுக்கு மிகாமலும் அருகருகே உள்ளவற்றைச் சேர்த்து, வீட்டுக்கொரு பெண்மணி வீதம் அயற்கூட்டங்கள் அமைந்தன. கூட்டத்துக்கு ஐந்து தொண்டர்கள். தலைவி, காரியதரிசி ஆகியோர் நீங்கலாக, சுகாதாரத்திற்கு ஒருவர், வருவாய்த் தொழில்களுக்கு ஒருவர், வீடு, குடிநீர் முதலிய வசதிகளுக்கு ஒருவர். வார்டிலுள்ள அயற்கூட்டங்கள் சேர்ந்தது வட்டார அபிவிருத்திச் சங்கம். நகரம் முழுவதற்கும் சமுதாய அபிவிருத்திச் சங்கம் 1993-இல் ஏற்பட்டது. திட்டமும் இதே வழியில் கீழிருந்து மேலே சென்றது. அயற்கூட்டம் தன் தேவைகளை எழுதித் தந்தது. வார்டு அவற்றைத் தொகுத்தது. நகரச் சங்கம் நகரத் திட்டமாக்கியது. கழிப்பிடம் கட்டவும், வீடு பழுதுபார்க்கவும், குடிநீர் பெறவும் வெவ்வேறு இலாகாக்களிடமிருந்த மான்யங்கள் இத்திட்டத்தின் வழியே வந்தன. எந்த வீட்டிற்கு முதலில் என்பதை அலுவலகம் தீர்மானிக்கவில்லை. ஒன்பது அடையாளங்களில் அதிகமானவற்றைக் கொண்ட வீட்டிற்கே முதலில் என்பது கூட்டத்திலேயே தெரிந்த விஷயம்.

இதற்கிடையில் சேமிப்பு நடந்து வந்தது. சிறு தொகைதான், ஆனால் தவறாத தொகை. அதைக்கொண்டு அங்கத்தினர்கள் தமக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினர். மருந்துக்கும், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தின் செலவுக்கும், மழைக்காலத்தில் வேலையில்லாத நாட்களுக்கும் அது உதவியது. உலகெங்குமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 50 சமுதாயங்களுக்கு, ஐக்கிய நாடுகள் சபையின் ஐம்பதாவது ஆண்டாகிய 1995-இல் அளிக்கப்பட்ட விருது ஆலப்புழைச் சங்கத்திற்கும் கிடைத்தது. இம்முறையே மலப்புறம் ஜில்லாவிலும் கையாளப்பட்டு, பின்னர் 1998-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி பிரதமர் வாஜ்பாயினால் துவக்கி வைக்கப்பட்ட 'குடும்பஸ்ரீ' இயக்கமாக மாநிலம் முழுவதும் பரவியது.

நகரங்களுக்கென மத்திய சர்க்கார் 1997 டிசம்பரில் துவக்கிய ஸ்வர்ண ஜயந்தி ஷஹரி ரோஜ்கார் யோஜனாவும் இத்தகைய சங்க அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. அதன் விதிகளில் ஒன்றை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம். சேமிப்புச் சங்கத்திற்குச் சுழல் நிதியாக அங்கத்தினருக்கு 1,000 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மிகாமல் மான்யம் அன்று வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் சங்கம் தொடங்கி ஒரு வருஷம் நிறைந்த பிறகே அது கிடைத்தது. விதியை வகுத்தவர்கள் கஞ்சத்தனத்தால் அவ்வாறு செய்யவில்லை. ஒரு வருஷ காலம் தமது சொந்தப் பணத்தைக் கையாண்டவர்களுக்குத்தான் பிறர் பணத்தைக் கையாளத் தெரியும்.

கிராமங்களுக்கென 1999-இல் வந்த திட்டம் இந்த வரிசையைப் போதிய அளவு காப்பாற்றவில்லை. அதில் சங்கம் தொடங்கும் தொழிலுக்கு மதிப்பீட்டில் பாதி, 1,25,000 ரூபாய்க்கு மிகாமல் மான்யமாகக் கிடைத்தது. பெருந்தொகை அல்லவா? மான்யத்திற்காகவே சங்கம் என்ற நிலை பல இடங்களில் உண்டாயிற்று. நாம் அறிந்த ஓர் ஊரில் கறவை மாடுகளுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. மாடுகள் வந்தன, புகைப்படம் எடுக்கப்பட்டது. அடுத்த பொங்கலுக்கு மாடுகளும் இல்லை, சங்கமும் இல்லை. வங்கிக் கடன் மட்டும் இருந்தது. அப்பெண்களைக் குறை கூறிப் பயனில்லை. கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பாலை வாங்குவோர் யார் என்பதைக்கூட முன்னதாக எவரும் விசாரித்திருக்கவில்லை. இத்திட்டத்தின் குறைகளை ஆராய்ந்த ராதாகிருஷ்ணா குழு 2009-இல் தன் அறிக்கையை அளித்தது. 2011-இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் பிறந்தது. நாளடைவில் அதில் முதலீட்டு மான்யம் கைவிடப்பட்டு, வங்கி வட்டியைக் குறைக்கும் உதவி அதற்குப் பதிலாக வந்தது. சுழல் நிதி மட்டும் நிலைத்தது. துவக்கத்தில் அது சங்கத்திற்கு 10,000 முதல் 15,000 ரூபாய் வரை என வகுக்கப்பட்டது. அதைப் பெறுவதற்கு ஐந்து நியமங்கள் உண்டு. முறையாகக் கூடுதல், முறையாகச் சேமித்தல், தமக்குள் கடன் வழங்குதல், தவணை தவறாது திருப்புதல், கணக்கை அன்றன்றே எழுதுதல் என்பனவே அவை.

இந்தச் சுழல் நிதியைப் பற்றித்தான் நம் கிராமங்களில் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. 15,000 ரூபாய் வந்தது. பதினைந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஆயிரம் என்று பங்கிட்டுக் கொள்வது வழக்கமாகியிருக்கிறது. அவ்வாறு செய்தால் அது சுழல் நிதியாகாது, தீபாவளிச் செலவாகும். அதே தொகையை வேறு விதமாகக் கையாண்டு பார்ப்போம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் காகிதமும் பென்சிலும் கொண்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

அவசரத் தேவையுள்ள ஐந்து பேருக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் கடன் கொடுக்கிறோம். பத்து மாதத் தவணை. மாதம் அசல் 300 ரூபாய். நிலுவை அசலின்மீது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் வட்டி 30 ரூபாய், மறு மாதம் 27, அடுத்து 24 எனக் குறைந்துகொண்டே போகும். பத்து மாதமும் சேர்த்து ஒருவர் கட்டும் வட்டி 165 ரூபாய். ஐவருக்கும் அசலில் மாதம் 1,500 ரூபாய் திரும்புவதால், இரண்டாம் மாத முடிவிலேயே ஆறாவது அங்கத்தினருக்குக் கடன் கொடுக்க 3,000 ரூபாய் தயார். அவரும் கட்டத் தொடங்கியதும் வேகம் கூடுகிறது. பத்து மாதத்திற்குள் பத்துப் பேருக்குக் குறையாமல் கடன் கிடைத்துவிடும், அசலும் அழியவில்லை. முதல் ஐவர் கட்டிய வட்டி மட்டுமே 825 ரூபாய் நிதியில் சேர்ந்திருக்கும். இதே 3,000 ரூபாயை ஊரில் ஐந்து வட்டிக்கு வாங்கி, அசலைப் பத்தாம் மாதம் கட்டுபவர் தரும் வட்டி 1,500 ரூபாய். ஒரு குடும்பத்திற்கு மிச்சமாகும் 1,335 ரூபாய், பங்கிட்டு வாங்கும் ஆயிரத்தைவிட அதிகம் என்பதைக் கவனிக்கவும். இத்துடன் சங்கத்தின் சொந்தச் சேமிப்பும் இருக்கிறது. பதினைந்து பேர் மாதம் 100 ரூபாய் வீதம் சேமித்தால் வருஷத்தில் 18,000 ரூபாய், அதாவது மான்யத்தைவிட 3,000 ரூபாய் கூடுதல்.

பஞ்சாயத்துக்கும் சங்கத்திற்கும் உள்ள உறவு சற்று நுட்பமானது. ஆலப்புழையில் நகரசபை சங்கங்களுக்குத் துணை நின்றது. கேரளத்தில் பின்னாளில் இவ்வமைப்பு உள்ளாட்சி மன்றங்களோடு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டது. சங்கத் தலைவிகள் தேர்தலில் நின்று உறுப்பினர்களாயினர். நல்ல பலன்தான். எனினும் கட்சிகளின் கை சங்கங்களுக்குள் நுழைகிறது என்ற புகாரும் கூடவே எழுந்தது. நம்மைப் பொறுத்தவரையில், கூடுவதற்கு இடம் தருவது, ஏழைக் குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்வது, வங்கி மானேஜர் இழுத்தடித்தால் சங்கத்தாருடன் நேரில் செல்வது ஆகியவை அங்கத்தினரின் வேலை. சங்கத்தின் வங்கிப் புத்தகத்தை வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொள்வது அவர் வேலையன்று. தலைவரின் உறவினரே சங்கத் தலைவியாகவும் இருக்கும் ஊர்களில் இதை எடுத்துச் சொல்வது கஷ்டந்தான். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

சாலை, நூலகம், பள்ளிக் கட்டிடம் போன்ற பொதுப் பணிகளுக்குரிய மான்யம் வேறு வகை. நமது மாநிலத்தில் 2021-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்மக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் குடியிருப்பாயின் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டுமென வகுக்கப்பட்டது. ஒரு செல்வரே முழுப் பங்கையும் கட்டிவிட்டால் வேலை நடந்துவிடும். கட்டிடம் அவர் பெயரால் வழங்கிவிடும் அபாயமும் உண்டு. வீட்டுக்குப் பத்து ரூபாயாயினும் திரட்டுவது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

ஆலப்புழை முறையிலும் ஒரு குறை இருந்ததை மறைக்கலாகாது. சேமிக்க முடிந்தவர்தாம் சங்கத்தில் நிலைக்கிறார். நாள்பட்ட நோயாளி, துணையற்ற முதியவள், வீடில்லாதவர் ஆகியோர் வாரத் தொகையைக் கட்ட இயலாமல் சில மாதங்களில் ஒதுங்கி விடுகின்றனர். ஒன்பது அடையாளங்களும் பொருந்துகிற வீடே இவ்வாறு கூட்டத்திற்கு வெளியே நின்றுவிடக் கூடும். இதனை உணர்ந்து 2002-இல் கேரளத்தில் 'ஆஸ்ரயா' என்ற திட்டம் ஏற்பட்டது. அதில் இத்தகைய குடும்பங்களை அயற்கூட்டத்தினரே கண்டறிந்து பெயர் தருவர். அவர்களிடம் சேமிப்பை எதிர்பாராமல் உணவு, மருந்து, வீடு ஆகியவற்றை உள்ளாட்சி மன்றம் பொறுப்பேற்று அளிக்கும். நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளிலும் நலிவுற்றோர்க்கென ஒதுக்கும் நிதிக்கு இடமுண்டு. அடுத்த கிராம சபைக்கு முன்பாக, சங்கத்தின் வருகைப் பதிவேட்டை வாங்கி, சென்ற ஆறு மாதங்களில் கூட்டத்திற்கு வராமல் நின்றுவிட்டவர்களின் பெயர்களைத் தனியே குறித்துக்கொண்டு, அவ்வீடுகளுக்கு ஒருமுறை நேரில் சென்று வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.