இசைக் கல்லூரித் தேர்வு: மும்பைத் தமிழ் மாணவர்கள் கருத வேண்டியவை

மருத்துவம், பொறியியல், வணிகவியல் ஆகிய துறைகளில் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று அறிய விரும்பும் மாணவனுக்கு வழிகாட்டுவோர் பலர் உளர். பள்ளி ஆசிரியர் சொல்வார். அண்டை வீட்டார் சொல்வர். நாளேடுகளும் பட்டியல் வெளியிடும். இசையையே கல்லூரிப் படிப்பாகக் கொள்ள விரும்பும் மாணவனுக்கோ இவ்வகை வழிகாட்டல் அரிதாகவே கிடைக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் எடுக்கப்படும் இந்த முடிவு தவறுமானால், இழக்கப்படுவது மூன்று அல்லது நான்கு ஆண்டுக் காலம் மட்டுமன்று; அக்குடும்பத்தின் சேமிப்பும், குரல் பக்குவப்படும் பருவத்தில் பெற்றிருக்க வேண்டிய பயிற்சியும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன. எனவே, இத்தேர்வில் கருத வேண்டியவற்றை முறைப்படி ஆராய்வது மாணவர்களுக்கும், கல்வி, பண்பாட்டுத் துறைகளில் பணியாற்றும் அலுவலர்களுக்கும் பயன் தரும்.

நகரின் இசைச் சூழல்

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளும் இசையைப் பொறுத்தவரை மூன்று வேறு சூழல்களைக் கொண்டவை. மாதுங்காவை அடுத்து அமைந்துள்ள ஸ்ரீ ஷண்முகானந்தா நுண்கலை மற்றும் சங்கீத சபா 1952-ஆம் ஆண்டில் தோன்றியது. 1963-இல் திறக்கப்பட்ட அதன் பேரரங்கம் 1990-இல் தீ விபத்துக்கு உள்ளாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இச்சபா இசைப் பள்ளி ஒன்றையும் நடத்துவதுடன், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் இளங்கலைஞர்களுக்கு உதவித் தொகையும் வழங்கி வந்துள்ளது. செம்பூரில் 1962-இல் நிறுவப்பட்ட நுண்கலைச் சங்கம் இசை, நடன வகுப்புகளை நடத்தி வருகிறது.

தாராவியின் சூழல் இவற்றினின்றும் வேறுபட்டது. சபா மேடையைக் காட்டிலும் கோயில் கொடையும் திருமண ஊர்வலமுமே அங்கு இசையின் களங்கள். நாகசுரம், தவில், உறுமி, பறை ஆகியவற்றை அங்குள்ள பிள்ளைகள் இளமை முதலே கேட்டு வளர்கின்றனர். பழைய நெகிழிக் கலன்களைத் தாளக் கருவிகளாக்கி வாசிக்கும் 'தாராவி ராக்ஸ்' என்னும் சிறுவர் குழுவும் அங்கு உருவானதே. தாராவியைக் களமாகக் கொண்டு 2018-இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தில் அப்பகுதியின் ராப் கலைஞர்கள் பங்கேற்றனர். ஆற்றலுக்குக் குறைவில்லை, அதனை உயர்கல்வியோடு இணைக்கும் பாதைதான் தெளிவாக அமையவில்லை.

முன்சென்றோர் வழி

மும்பையில் வளர்ந்து இசையில் உயர்நிலை எய்திய தமிழர் சிலரின் வாழ்க்கை, ஒரே வழி எல்லோருக்கும் பொருந்தாது என்பதை உணர்த்துகிறது. 'பம்பாய் சகோதரிகள்' எனப் புகழ்பெற்ற சி. சரோஜாவும் சி. லலிதாவும் மும்பையில் வளர்ந்தவர்கள். எச்.ஏ.எஸ். மணியிடம் அடிப்படைப் பயிற்சி பெற்ற பின்னர், முசிறி சுப்பிரமணிய ஐயரிடமும் டி.கே. கோவிந்தராவிடமும் பயின்று, சென்னையையே தங்கள் களமாக்கிக் கொண்டனர். 2010-இல் சங்கீத கலாநிதி விருதும் 2020-இல் பத்மஸ்ரீ விருதும் அவர்களைத் தேடி வந்தன. லலிதா 2023-இல் மறைந்தார்.

அவர்களுக்கு முதலாசிரியராக விளங்கிய மணியின் மகனே பாடகர் ஹரிஹரன். கர்நாடக இசைக் குடும்பத்தில் பிறந்த அவர், உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் ஹிந்துஸ்தானி இசை பயின்று, கஜல் பாடல்களிலும் திரையிசையிலும் தனியிடம் பெற்றார். மும்பையில் பிறந்து வளர்ந்த அருணா சாயிராம் அந்நகரில் இருந்தவாறே டி. பிருந்தாவிடம் பயிலும் வாய்ப்பைப் பெற்றவர். 2018-இல் சங்கீத கலாநிதி விருதுக்குரியவரானார். செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் இளமையில் வீணை பயின்றவர் எனினும், கல்லூரியில் பயின்றது பொறியியல். சிறிது காலம் மென்பொருள் துறையில் பணியாற்றிய பின்னரே முழுநேர இசைக்கு வந்தார்.

இவற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கல்லூரிக்குச் செல்லுமுன்பே நல்லாசிரியர் ஒருவரிடம் பெற்ற அடிப்படைப் பயிற்சி இவர்கள் அனைவருக்கும் இருந்தது. இரண்டாவது, பிறந்த குடும்பத்தின் இசை மரபே ஒருவர் பயில வேண்டிய மரபாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாவது, இசைப் பட்டம் பெறாமையால் இசை வாழ்க்கை தடைப்பட்டு விடுவதில்லை. அதேபோல் இசைப் பட்டம் ஒன்றே ஒருவரை இசைக் கலைஞராக்கி விடுவதுமில்லை.

கல்வி நிலையங்களின் வகைகள்

நம் நாட்டில் இசைக் கல்வி நெடுங்காலம் குருகுல முறையிலேயே நடைபெற்று வந்தது. 1901-இல் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவி, பொதுமக்கள் எவரும் சேர்ந்து பயிலும் பள்ளி முறையைத் தொடங்கி வைத்தார். 1926-இல் பாதகண்டேயின் முயற்சியால் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் இசைக் கல்லூரி தோன்றியது. தென்னகத்தில் 1929-இல் சிதம்பரத்தில் உருவான அண்ணாமலைப் பல்கலைக் கழகம் இசைக்குச் சிறப்பிடம் அளித்தது. 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார். அதுவே இன்றைய தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி ஆகும்.

இன்று மும்பை மாணவர் முன்னுள்ள வாய்ப்புகளை நான்காகப் பகுக்கலாம். ஒன்று, நகரிலேயே உள்ள பல்கலைக் கழக இசைத் துறைகள். மும்பைப் பல்கலைக் கழகமும், 1916-இல் தோண்டோ கேசவ கார்வே நிறுவிய எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக் கழகமும் இசைத் துறைகளைக் கொண்டுள்ளன. இங்கு ஹிந்துஸ்தானி இசையே முதன்மை பெறுகிறது. இரண்டு, தென்னகத்து நிறுவனங்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. 2013-இல் இசை மற்றும் கவின் கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக் கழகமும் அமைந்தது. 1936-இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரா இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக விளங்குகிறது. நாகசுரம், தவில் பயில விரும்புவோருக்கும் தேவாரம் பயில விரும்புவோருக்கும் தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் தொடக்க வாயில்களாக உள்ளன. மூன்று, மேலைநாட்டு இசை, ஒலிப்பதிவு, இசையமைப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் தனியார் நிறுவனங்கள், 2008-இல் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இவ்வகையினது. நான்கு, பொதுக் கல்லூரியில் கலை, அறிவியல் அல்லது வணிகவியல் பட்டம் பயின்றுகொண்டே, ஆசிரியரிடம் தனியாக இசை கற்கும் முறை.

பட்டமும் சான்றிதழும்

மாணவரும் பெற்றோரும் அடிக்கடி குழப்பிக் கொள்வது இவ்விடத்தில்தான். பல்கலைக் கழகம் வழங்கும் பட்டம் வேறு; இசை அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்குரிய சான்றிதழ் வேறு. மகாராஷ்டிரத்தில் பெரிதும் வழங்கும் அகில பாரதிய காந்தர்வ மகாவித்தியாலய மண்டலத்தின் தேர்வுகள் பிராரம்பிக் நிலையில் தொடங்கி, பிரவேசிகா, மத்தியமா, விசாரத் எனப் படிப்படியாக உயர்ந்து அலங்கார் நிலையில் முடிவடைகின்றன. மேலைநாட்டு இசையில் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்புகள் எட்டு நிலைகளாகத் தேர்வுகளை நடத்துகின்றன. இவை பயிற்சியின் தரத்தைக் காட்டும் நல்ல அளவுகோல்கள். ஆனால், பல்கலைக் கழகப் பட்டத்திற்கு ஈடாக இவற்றை எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாக ஏற்பதில்லை. ஆகையால், ஒரு சான்றிதழ் எதற்குப் பயன்படும் என்பதை, அதனை ஏற்கவேண்டிய பல்கலைக் கழகத்திடமோ பணி வழங்கும் நிறுவனத்திடமோ எழுத்து மூலம் கேட்டறிவதே முறை. பட்டம் வழங்கும் நிறுவனம் பல்கலைக் கழக மானியக் குழுவின் ஏற்புப் பெற்றதா என்பதையும் சேருமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம்

இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும் குரலும் கையுமே பேசும். கர்நாடக இசையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் ஆகியவற்றைக் கடந்து, வர்ணங்களை இரு காலங்களில் சுருதியும் தாளமும் பிசகாமல் பாடவும் சில கீர்த்தனைகளைத் தெளிவாகப் பாடவும் வல்லவரே பட்டப் படிப்பின் பயனை முழுமையாகப் பெறுவர். ராக ஆலாபனை, நிரவல், கற்பனை சுரம் ஆகிய மனோதர்மப் பகுதிகளைக் கல்லூரி வளர்க்கலாம். அடித்தளத்தை அங்கே இடுவது கடினம்.

கர்நாடக இசை பயின்றுவிட்டு, வீட்டுக்கு அருகில் உள்ளது என்னும் காரணத்தால் மட்டும் ஹிந்துஸ்தானி இசைத் துறையில் சேர எண்ணுவோர் நன்கு சிந்திக்க வேண்டும். முன்னதில் 72 மேளகர்த்தாக்களை அடிப்படையாகக் கொண்ட ராகப் பகுப்பு பயிலப்படுகிறது. பின்னதில் பாதகண்டே வகுத்த 10 தாட்டுகள் பயிலப்படுகின்றன. பண்கள் சில ஒத்திருப்பினும், கமகங்களைக் கையாளும் முறையும், தாளக் கணக்கும், ஒரு ராகத்தை விரிக்கும் வேகமும் வேறானவை. விரும்பி மாறுவோர்க்கு இது புதிய செல்வம். வேறு வழியின்றி மாறுவோர்க்கோ முதலாண்டே பெருஞ்சுமையாகிவிடும்.

செலவும் உதவித் தொகையும்

எடுத்துக்காட்டாக, தாராவியில் தையல் பட்டறையில் பணியாற்றும் ஒருவரின் மகள் நன்றாகப் பாடுகிறாள் எனக் கொள்வோம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆனால் சென்னையில் விடுதி, உணவு, ஆண்டிற்கு இருமுறை ரயில் பயணம், கருவி அல்லது சுருதிப் பெட்டி ஆகியவற்றின் செலவைக் கூட்டினால், கட்டணத்தைவிட இவையே மிகுதியாகக் காணப்படும். மும்பையிலேயே பயின்றால் இச்செலவு குறையும். எனினும் அன்றாடப் பயணத்தில் கழியும் நேரம் பயிற்சி நேரத்தைக் குறைக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் வாழும் வீட்டில் விடியற்காலைச் சாதகம் செய்ய இடம் உண்டா என்பதும் கணக்கில் சேர வேண்டிய ஒன்றே. வசதியுள்ள வீட்டில் எழாத இக்கேள்வி, அம்மாணவியின் எதிர்காலத்தையே முடிவு செய்யக்கூடியது.

உதவித் தொகைகள் உள்ளன. ஆயின் அவற்றுக்கு உரிய வயது கடந்த பின்னரே பலர் கேள்விப்படுகின்றனர். பண்பாட்டு மூலவளப் பயிற்சி மையத்தின் வாயிலாக 1982 முதல் நடைபெறும் கலைத்திறன் தேடல் திட்டம் 10 முதல் 14 வயதுடைய சிறுவர்களுக்கு உரியது. தேர்வு பெற்றவர்கள் கல்லூரிப் பருவத்திலும் உதவியைத் தொடரலாம். மரபுக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. 18 முதல் 25 வயதுடைய இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாத உதவி வழங்கும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டத்திற்கு, குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்படும் முடிவுக்கான ஆயத்தம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கப்பட வேண்டியதாகிறது.

வேலைவாய்ப்பு

கச்சேரி மேடையை மட்டும் நம்பி வாழ்க்கை நடத்துவோர் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு ஆசிரியப் பணியே நிலையான வருவாயைத் தருகிறது. கேந்திரிய வித்தியாலயங்கள் முதலிய பள்ளிகளில் இசை ஆசிரியர் பணிக்கு இசைப் பட்டம் கேட்கப்பட்டு வந்துள்ளது. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலைப் பட்டமும், தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற வேண்டும். வானொலி நிலையம் குரல் தேர்வு நடத்திக் கலைஞர்களைத் தரம் பிரிக்கிறது. அதற்குப் பட்டம் தேவையில்லை, திறமையே தேவை. திரைத் தொழிலின் தலைநகரான மும்பையில் ஒலிப்பதிவு, பின்னணி இசைக் கோப்பு ஆகியவற்றில் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றோர்க்கு இடமுண்டு.

இவ்வாறு நோக்குங்கால், மாணவர் முதலில் விடை காண வேண்டியது 'எந்தக் கல்லூரி?' என்னும் வினாவுக்கன்று; 'எந்தப் பணி?' என்னும் வினாவுக்கே. ஆசிரியராக விரும்புவோருக்குப் பட்டம் இன்றியமையாதது. மேடைக் கலைஞராக விரும்புவோருக்கு ஆசிரியரும் பயிற்சி நேரமுமே முதன்மை. எதிலும் உறுதி ஏற்படாதோருக்கு நான்காவது வழியாகிய பொதுப் பட்டமும் தனிப் பயிற்சியுமே பாதுகாப்பானது.

கேட்டறிய வேண்டியவை

சேருமுன் ஒரு முறையேனும் கல்லூரிக்கு நேரில் சென்று வருதல் நலம். தனக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர் யார், அவர் நிரந்தரப் பணியில் உள்ளவரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை வகுப்பு நடைபெறுகிறது, ஒரு வகுப்பில் எத்தனை பேர், மாணவர் மேடையேறும் வாய்ப்பு உண்டா, பயிற்சி அறைகள் மாலையிலும் திறந்திருக்குமா, கடந்த ஆண்டுகளில் தேறியவர்கள் இன்று என்ன செய்கின்றனர் ஆகியவை கேட்க வேண்டிய கேள்விகள். கட்டடத்தின் அழகும் விளம்பரத்தின் பொலிவும் இவற்றுக்கு விடையாகா. அங்கு பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் பாடுவதைக் கேட்பது எந்தக் கையேட்டையும் விடத் தெளிவான விடையைத் தரும்.

அலுவலர்க்கும் இதில் கடமை உண்டு. பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் உதவித் தொகைத் திட்டங்களை உரிய காலத்தில் வெளியிடுதல், வகுப்பு முடிந்த பின் ஓர் அறையை மாணவர் சாதகத்திற்கு ஒதுக்குதல், சபாக்களின் இசைப் பள்ளிகளில் தாராவி மாணவர் சிலருக்குக் கட்டணமில்லா இடம் பெற்றுத் தருதல் ஆகியவை பெரும் பொருட்செலவு வேண்டாத பணிகள். ஷண்முகானந்தா அரங்கிற்கும் தாராவிக்கும் இடையே உள்ள தொலைவு நடந்து கடக்கக் கூடியதே. தாராவியில் தவிலோசை கேட்டு வளரும் சிறுவனுக்கும் அந்த அரங்கின் மேடைக்கும் இடையே உள்ள தொலைவும் அவ்வாறே குறைய வேண்டுமாயின், உரிய வயதில் உரிய செய்தி அவன் வீட்டை எட்டுதல் வேண்டும்.