ஈரம் போனால் படர்தாமரை பாதி போகும்

விடியும் முன் கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுக்க ஷூவும் சாக்ஸுமாக நின்று வேலை செய்கிறவர்கள் திமிரிப் பக்கம் நிறையப் பேர். ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் ஈரத்தோலைப் புரட்டுகிறவர்களுக்குக் கையும் காலும் காய நேரமே கிடையாது. இவர்களுக்குப் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் வருவதில் வியப்பில்லை. வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

1. குளித்ததும் விரலிடுக்கு, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கு அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒற்றித் துடையுங்கள். காலை மட்டும் கடைசியில், தனித் துணியால். கால் துடைத்த துண்டு இடுப்புக்கு ஏறினால் கிருமியும் கூடவே ஏறும்.

2. இரண்டு ஜோடி ஷூ இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால், இரவில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். வியர்வையை அது உறிஞ்சும். சாக்ஸ் பருத்தியில், தினம் துவைத்தது.

3. அரைஞாண் கயிறு! எத்தனை மருந்து போட்டாலும் இடுப்பில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள். நனைந்த கயிறு காய்வதே இல்லை. குணமாகும் வரை கழற்றிவிடுவது நல்லது, சாமி கோபித்துக்கொள்ளாது. உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பெண்களுக்கும் இதே தொல்லைதான். நாடாவை அகலமாக்கி, கட்டும் இடத்தைச் சற்றே மாற்றிக் கட்டுங்கள்.

4. இலை மருத்துவத்தில் படர்தாமரைக்குப் பெயர் போனது சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மெழுகுவத்தி நட்டதுபோல் நிமிர்ந்த மஞ்சள் பூங்கொத்து இருக்கும். கீரைக்குப் பறிக்கும் அகத்தி வேறு. இலையை மைய அரைத்து, முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பாருங்கள். எரிச்சல் இல்லையென்றால் படையின் மேலும், ஓரத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை அளவும் தினம் இருவேளை பூசலாம். அரைக்க நேரமில்லாதவர்களுக்குச் சித்த மருந்துக் கடைகளில் சீமை அகத்திக் களிம்பே கிடைக்கிறது. புண்ணான இடத்தில் பூசாதீர்கள். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, கடும் பேதியாகும். இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

5. வேப்பிலை கொதித்த நீரை ஆறவைத்துக் கழுவினால் நமைச்சல் சற்று அடங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

6. பூண்டை நசுக்கிக் கட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கறுத்துக் கொப்புளிக்கும்.

7. தேமலுக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள். அதை உண்டாக்கும் பூஞ்சை தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை முதுகிலும் மார்பிலும் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவதே எளிய வழி. கிருமி செத்த பிறகும் வெளிறிய நிறம் மாறச் சில மாதங்கள் ஆகும். ஆனால் வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955-ல் இதற்கென்றே தொடங்கிய மருத்துவமனையும் இருக்கிறது.

8. கடையில் 'படைக்கு ஒரு டியூப்' என்று கேட்டு வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. மூன்றே நாளில் அரிப்பு நிற்கும், விட்டதும் இருமடங்காகப் படரும், தொடைத் தோல் மெலிந்து கோடு விழும். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்தது. கடைக்காரர் கொடுத்தாலும் நீங்கள் வாங்காதீர்கள். நாட்டில் இன்று வழக்கமான மாத்திரைக்கே அசையாத பூஞ்சை பரவியிருப்பதற்கு இப்படிக் கண்டபடி மருந்து பூசுவதும் ஒரு காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள்.

9. தோல் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. சேற்றுப்புண் பெரும்பாலும் சுண்டுவிரல் இடுக்கில்தான் தொடங்கும். இரண்டு புறங்காலிலும் செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் ஒரேபோல் தடித்து அரித்தால், அது செருப்புத் தோலிலுள்ள குரோமியத்தால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். பூஞ்சை மருந்து அதற்குப் பயன்படாது.

10. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோர் உடம்பையும் பாருங்கள். கன்றுக்குட்டி, பூனைக்குட்டியையும் விடாதீர்கள். ரோமம் உதிர்ந்த வட்டம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். துண்டும் போர்வையும் ஆளுக்கு ஒன்று. உள்ளாடையைச் சுடுநீரில் அலசி, திருப்பிப் போட்டு வெயிலில் காயவைத்து, தையல் ஓரங்களில் இஸ்திரி ஓட்டுங்கள்.

11. குழந்தையின் தலை, நகம் இரண்டுக்கும் பூச்சு மருந்து எட்டாது, மாத்திரை வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கால் விரலிடுக்கில் கைவைத்தியம் எதுவும் செய்து பார்க்க வேண்டாம், முதல் நாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.